கோவிட் நோயாளிக்கு வாய்ப்புண்

கேள்வி:
நோயாளிக்கு வயது 62, சர்க்கரை உண்டு. டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு மருந்து) 6 மி.கி. போகிறது, ஆக்சிஜன் மாஸ்க்கும் இருக்கிறது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறமும் வெள்ளைப் படிவு; எரிச்சலில் கஞ்சிகூட இறங்கவில்லை. வைரஸ் புண்ணா?

பதில் 1:
ஈரக் காஸ் துணியால் மெல்ல வழித்துப் பாருங்கள். திரிந்த பால் போல வந்து அடியில் சிவந்திருந்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. ஸ்டீராய்டு, சர்க்கரை, உலர்ந்த வாய் மூன்றும் அதற்கு வசதி. மருத்துவர் எழுதினால் நிஸ்டாடின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து 4 மி.லி. (மில்லிக்கு 1 லட்சம் யூனிட்), தினம் நான்கு வேளை. வாயில் நன்றாக வைத்திருந்து விழுங்கவேண்டும். உடனே துப்பினால் பயன் குறையும். பல்செட்டைக் கழற்றாவிட்டால் திரும்ப வரும். குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், நிஸ்டாடினின் வேலை கெடும்.

பதில் 2:
வழித்தால் வராத குழிப்புண் என்றால் கதை வேறு. கடின அண்ணத்திலும் (மேல்வாயின் கெட்டியான பகுதி) ஈறிலும் கொத்தாகச் சிறு புண்கள் இருந்தால் ஹெர்பீஸ் வைரஸ் மறுபடி கிளம்பியிருக்கலாம். அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஆரம்பத்திலேயே தொடங்கினால்தான் பலன். உதட்டின் உட்புறம் ஒன்றிரண்டு என்றால் சாதாரண வாய்ப்புண். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்தால் போதும்.

பதில் 3:
அண்ணம் கறுத்தல், பல் ஆட்டம், ஒரு பக்க முகவலி, கண் வீக்கம் தெரிந்தால் மியூகார்மைகோசிஸ் (கறுப்புப் பூஞ்சை நோய்) சந்தேகம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். 2021 இரண்டாம் அலையில் இந்தியாவில் பலருக்கு வந்தது இதுதான். சர்க்கரை அளவை தினமும் பாருங்கள், ஸ்டீராய்டு அதை ஏற்றும்.