ஹார்ன் பகுதிக்கு முகப்பில் ஷார்ப் போடுவதா, வேண்டாமா?

வணக்கம். சிறிய ஆர்கெஸ்ட்ராவுக்காக டி மேஜரில் ஒரு படைப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் ஒத்திகையிலேயே மானம் போய்விட்டது. எஃப் ஹார்னுக்கு, காதில் கேட்க வேண்டிய ஸ்வரங்களை அப்படியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். ‘ப’விலிருந்து ‘ச’வுக்கு இறங்கும் தூரம் முழுவதும் கீழே போய் ஒலித்தது! எந்தக் கட்டையில் பாடினாலும் ‘ச’ என்றே சொல்லி வளர்ந்தவன் நான். இருந்தும் தாளில் இருக்கும் சி, காதில் எஃப் ஆவது இன்னும் பழகவில்லை.

இப்போது திருத்துகிறேன். கீழே ஒலிக்கும் அதே தூரம் மேலே எழுத வேண்டும் என்பதால், ஹார்னுக்கு ஏ மேஜர் வருகிறது. அதன் மூன்று ஷார்ப்களையும் (ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் குறிகள்) முகப்பில், அதாவது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், போடலாமா? அல்லது பழைய வழக்கப்படி முகப்பை வெறுமையாக விட்டு, தேவைப்படும் ஸ்வரத்துக்கு மட்டும் குறி போடுவதையா கலைஞர்கள் விரும்புகிறார்கள்?

கிளாரினெட்தான் பெரிய தலைவலி. அதுவும் எழுதியபடியே ஒலிக்காது; எந்த வகை என்பதைப் பொறுத்து எழுதும் ஸ்வரம் மாறும். பி ஃபிளாட் கிளாரினெட் என்றால் இ மேஜர், நான்கு ஷார்ப்கள். ஏ கிளாரினெட் என்றால் எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட் (அரைப்படி இறக்கும் குறி). விரலுக்கு இரண்டாவதுதான் இதம் என்று நினைக்கிறேன். ஆனால் அமெச்சூர் கலைஞர்களிடம் ஏ கிளாரினெட்டும் இருக்கும் என்று நம்பி எழுதலாமா?

ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவருக்கான முழு ஸ்கோரை (எல்லா வாத்தியங்களும் சேர்ந்த தாள்) எந்தச் சுருதியில் தருவது, காதில் கேட்கும்படியா, கலைஞர்களின் தாளில் உள்ளபடியா என்பதையும் சொல்லுங்கள். அடுத்த ஒத்திகை சனிக்கிழமை.