மறு: காற்றிலுள்ள கரிமச் சேர்மங்களின் ஐதரசன் ஓரிடத்தான் அளவீடு – 'செறிவூட்டம்' வேண்டா, 'கனமேறல்' போதும்

அன்புடையீர், வணக்கம்.

காற்றிலுள்ள கரிமச் சேர்மங்களின் ஐதரசன் ஓரிடத்தான்களை (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்களை) அளப்பது பற்றிய அருஞ்சொற்பதிவுக்கு நீங்கள் முன்மொழிந்த சொற்களைப் பார்த்தேன். 'ஓரிடத்தான் விகிதம்' என்பதில் எனக்கு மறுப்பில்லை. இலங்கை வழக்கான 'சமதானி'யையும் இணையாகத் தரலாம். இடறுவது அடுத்த சொல்தான். ஒரு சேர்மத்தில் ஐதரசனின் கனமான ஓரிடத்தானாகிய டியூட்டிரியத்தின் பங்கு மிகுவதைச் 'செறிவூட்டம்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். யுரேனியத்துக்கு அது பொருந்தும், காற்றுக்குப் பொருந்தாது.

காற்றிலுள்ள மீத்தேன், ஈத்தேன் போன்றவற்றை ஐதராக்சில் தனியுறுப்பு (எளிதில் வினைபுரியும் OH துணுக்கு) தாக்கும்போது, கார்பன்–ஐதரசன் பிணைப்பு விரைவாகவும் கார்பன்–டியூட்டிரியம் பிணைப்பு மெதுவாகவும் அறுபடுகின்றன. மீத்தேனில் இந்த வேக வேறுபாடு ஏறத்தாழ 1.3 மடங்கு. ஆகவே சேர்மத்தின் அளவு குறைந்துகொண்டே போக, எஞ்சியதில் டியூட்டிரியத்தின் பங்கு உயர்ந்துகொண்டே போகிறது. இதை உங்கள் சொல்லால் எழுதினால் 'செறிவு குறையக் குறையச் செறிவூட்டம் கூடுகிறது' என்றாகும். படிப்பவர் அச்சுப்பிழை என்றே எண்ணுவார்.

மேலும், ஊட்டம் என்றால் ஊட்டுபவர் ஒருவர் வேண்டும். இங்கே எவரும் ஊட்டவில்லை. எனவே தன்வினையாகக் 'கனமேறல்' என்றும், ஆய்வகத்தில் டியூட்டிரியத்தைப் புகுத்துவதற்குக் 'கனமேற்றல்' என்றும் வைத்துக்கொள்ளலாம். 'கனநீர்' முன்பே வழக்கில் இருப்பதால் 'கனம்' புதிதன்று. 'நிறை கூடல்' என்ற மற்றொரு பரிந்துரை, தூசுத் துகள் பருத்துவிட்டது போன்ற பொருளைத் தந்துவிடும்.

அளவீட்டு முறையை எழுதும்போதும் இச்சொல் தடையின்றி அமைகிறது. உறிஞ்சுபொருளில் பிடிக்கப்பட்ட சேர்மங்கள் வாயு வண்ணப்பிரிகையில் (gas chromatography) ஒவ்வொன்றாகப் பிரிந்து, 1400 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய பீங்கான் குழாயில் சிதைந்து, அவற்றின் ஐதரசன் மட்டும் வாயுவாக அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானிக்குள் நுழைகிறது. அங்கே நிறை 2 (இரண்டு சாதாரண ஐதரசன் அணுக்கள்), நிறை 3 (ஓர் ஐதரசனும் ஒரு டியூட்டிரியமும்) ஆகிய அயனிக் கற்றைகளின் விகிதமே அளக்கப்படுகிறது. கனமேறியிருந்தால் நிறை 3-இன் பங்கு உயர்ந்திருக்கும்.

ஒன்றை மட்டும் வரையறையிலேயே சொல்லிவிட வேண்டும். ஒப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளப்படும் வியன்னா கடல்நீர்ச் செந்தரத்தில் (VSMOW) பத்து லட்சம் சாதாரண ஐதரசன் அணுக்களுக்கு ஏறத்தாழ 156 டியூட்டிரியம் அணுக்கள் உள்ளன. அதனோடு ஒப்பிட்டு, ஓரிடத்தான் விகிதம் எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்று ஆயிரத்துக்கு இத்தனையாகச் சொன்னால், சதுப்பு நில மீத்தேன் −300 அளவிலும், வளிமண்டல மீத்தேன் −100-ஐ ஒட்டியும் இருக்கின்றன. பின்னது சதுப்பு நில மீத்தேனைவிடக் கனமேறியதுதான், ஆனாலும் எண் எதிர்க்குறியிலேயே நிற்கிறது. ஆகவே 'மூலத்தைவிடக் கனமேறியது', 'செந்தரத்தைவிடக் கனங்குறைந்தது' என்று ஒப்பீட்டுப் பொருளைச் சேர்த்தே எழுதுமாறு அருஞ்சொற்பதிவில் குறிப்பிடுவோம்.

மூன்று ஐதரசன் அணுக்கள் ஒட்டிய அயனியும் நிறை 3-இல் வந்து விழுவதால் செய்யப்படும் திருத்தத்துக்கு இன்னும் பெயரில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.