தாத்தா வீட்டை இடிக்கச் சொன்னார்கள்

நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலத்தில். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா வீடு பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதை ஊர்ப் பிள்ளைகளுக்கு நூலகமாக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. முதலில் வந்த பொறியாளர், கான்கிரீட்டைச் சோதிக்கும் சுத்தியல் கருவியால் சுண்ணாம்புச் சுவரில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, “இடிச்சிடுங்க சார்” என்றார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அடுத்து வந்தவர் பழைய கட்டடங்களிலேயே வேலை பார்ப்பவர். கையில் டார்ச், திருப்புளி, கொஞ்சம் கண்ணாடித் துண்டுகள். மாடித்தளம் நம் மெட்ராஸ் டெரஸ்தான்: தேக்கு உத்தரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், மேலே சின்னச் செங்கல்லை நிறுத்திவைத்துச் சாய்வரிசையாகச் சுண்ணாம்பில் கட்டியது. ஏணியில் ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியால் குத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது, ஈரத்தூள் கொட்டியது. ஒரு அடி தள்ளிக் குத்தினால் நுனிகூட இறங்கவில்லை. “மரத்துல குறை இல்லம்மா. சுவத்துக்குள்ள இருக்கிற முனை மட்டும் ஊறிப்போச்சு” என்றார்.

காரணம் நாங்கள்தான். 20 வருடம் முன்பு, பலமாக இருக்கட்டும் என்று சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசினோம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று உத்தரத்தின் முனையைத் தின்றிருக்கிறது. நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

விரிசல்களுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதிவைத்தார். விரிசல் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிய, கிணற்றடி மூலையில் இருந்தது மட்டும் உடைந்தது. அங்கே குழி தோண்டினால் அடித்தளத்துக்குக் கீழே மழையில் ஊறி நகரும் களிமண். மற்ற விரிசல்கள் என்றோ நின்றுபோனவை.

அப்புறம் சுமைக் கணக்கு. வீட்டு அறைத் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தாங்க வேண்டும் என்றால், புத்தக அடுக்கு அறைத் தளம் குறைந்தது 600 கிலோ தாங்க வேண்டும். அம்மாவுக்கு மாடி ஜன்னலோரம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று இருந்தது. இந்தக் கணக்கைக் கேட்டதும் அம்மா சரி என்று விட்டுக்கொடுத்தார். புத்தகமும் பிள்ளைகளும் கீழே கூடத்தில்.

இப்போது சிமெண்ட் பூச்சை உதிர்க்கிறோம். ஊறிய முனைகளை வெட்டிப் புதுத் தேக்கு இணைக்கப் போகிறோம். கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் செங்கல்பட்டுப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பங்குனி வெயில் ஏறுவதற்குள் பூசினால்தான் அது நிதானமாக இறுகும்.