மூஞ்சிய ஸ்கேன் பண்ணாதான் லிஃப்டாம், என்ன பண்ணலாம்?

வணக்கம் அண்ணன், அக்கா எல்லாருக்கும். செந்தூல்ல ஒரு கோண்டோல வாடகைக்கு இருக்கோம், இப்ப ஆக்சஸ் கார்ட நிறுத்திட்டு முகத்த ஸ்கேன் பண்ணாதான் லிஃப்ட் ஏறலாம்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, அதுவும் ஐசி (அடையாள அட்டை) ரெண்டு பக்கமும் போட்டோ புடிச்சு ஜாகாவோட (காவலாளியோட) சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்பணுமாம், சின்னப்புள்ள முகம் கூட வேணுமாம்! பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், மூஞ்சிய எங்க போய் மாத்துறது லா?

பிடிபிஏ 2010ங்குற மலேசியாவோட தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்துல 2024 திருத்தத்துக்கு அப்புறம் முகம், கைரேகை மாதிரி பயோமெட்ரிக் தகவலும் சென்சிட்டிவ் டேட்டாதான், நம்ம தெளிவா சம்மதம் குடுக்கணும். கோண்டோ ஆபிஸ்ல டேட்டா எங்க வெப்பீங்கன்னு கேட்டா "சிஸ்டத்துல"ங்குறாங்க, பெரிய பதில்.

கார்டே போதும்னு யாராச்சும் ஜேஎம்பிக்கு (கோண்டோவ நிர்வகிக்குற கூட்டு அமைப்புக்கு) லெட்டர் குடுத்திருக்கீங்களா? வாடகைக்காரங்க குடுத்தா செல்லுமா, இல்ல ஓனர்தான் குடுக்கணுமா? மலாய்ல டெம்ப்ளேட் இருந்தா பிஎம் பண்ணுங்க ப்ளீஸ்.