நியூயார்க் நூலகரும் கதைசொல்லியுமான மறைந்த பூரா பெல்ப்ரேயை நீங்கள் கதையிலோ படத்திலோ எங்கே சந்தித்தீர்கள்?

குயின்ஸ்வாசி:
நாலு வருஷமாச்சு, இன்னும் மனசை விட்டுப் போகல. நியூயார்க்ல ஒரு கிளை நூலகம், சனிக்கிழமை கதை நேரம். பெல்ப்ரேயோட கரப்பான்பூச்சி மார்ட்டினா கதைதான், ஸ்பானிஷும் இங்கிலீஷுமா. மார்ட்டினா கட்டிக்கிட்ட எலி பெரெஸ் பானைக்குள்ள விழுந்ததும், அதுவரைக்கும் வாயே திறக்காத ஒரு குட்டிப் பையன் எழுந்து நின்னு ஸ்பானிஷ்ல என்னமோ கேட்டான். கதை சொன்னவங்க அவன் பக்கத்துல உட்கார்ந்து ஸ்பானிஷ்லயே பதில் சொன்னாங்க. என் பொண்ணு என் காதுல கேட்டா, "அம்மா, இங்க தமிழ்ல யாரு சொல்லுவா?" எனக்குப் பதில் வரல.

ஏட்டுச்சுரை:
பெல்ப்ரேயைப் "புலம்பெயர்ந்த நூலகர்"னு எல்லாரும் எழுதுறாங்க, எனக்கு ஒப்புதல் இல்லை. அவங்க ஊர் போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க ஆட்சியில இருக்கிற தீவு. அங்கத்தவங்களுக்கு 1917லயே அமெரிக்கக் குடியுரிமை வந்தாச்சு. சகோதரி கல்யாணத்துக்காக நியூயார்க் வந்தவங்க, 1921ல ஹார்லெம் 135வது தெரு கிளையில வேலைக்குச் சேர்ந்தாங்க. நியூயார்க் பொது நூலகத்தோட முதல் போர்ட்டோ ரிக்கோ நூலகர். நான் அவங்களைப் பார்த்தது ஒரு பழைய போட்டோலதான். சுத்திப் பிள்ளைங்க, எல்லா வாயும் பிளந்திருக்கு. வேலை நடுவுல திடீர்னு அது ஞாபகம் வரும்.

அலமாரி:
குயின்ஸ்வாசி தங்கச்சி, நானும் நூலகத்துலதான் வேலை. கதை நேரத்துக்கு ஏத்தி வச்ச மெழுகுவர்த்தியை, கதை முடிஞ்சதும் பிள்ளைங்களை ஊதச் சொன்னேன், ஒரு பொண்ணு மட்டும் ஊத மாட்டேன்னுட்டா. அணைஞ்சா கதை போயிடுமாம். என் கதை அவ்வளவுதான். நீங்க செய்ய வேண்டியதைச் சொல்றேன். யாரு சொல்லுவான்னு தேடாதீங்க, நீங்களே சொல்லுங்க. குழந்தைகள் பிரிவுல போய் மாசம் ஒரு மணி நேரம் கேளுங்க. புத்தகம் இல்லையேன்னு தயங்க வேண்டாம். பெல்ப்ரேக்கும் இல்லை. பாட்டிகிட்ட கேட்ட மார்ட்டினா கதை எந்த அலமாரியிலும் இல்லாததால வாயால சொன்னாங்க, 1932லதான் அது அச்சாச்சு. வரிக்கு வரி மொழிபெயர்க்காதீங்க, பிள்ளைங்க கவனம் அறுந்துடும். கதைக்கு ஆட்டுற கைப்பொம்மைக்குச் செலவு பண்ணாதீங்க, பழைய காலுறை போதும். முதல் நாள் மூணு பேர்தான் வருவாங்க, அந்த மூணு பேருக்கும் முழுசா சொல்லுங்க.

குயின்ஸ்வாசி:
ஏட்டுச்சுரை சார், குடியுரிமைத் தாளை வச்சா வீட்டு மொழி நூலகத்துக்குள்ள வந்துடுமா? அதைக் கொண்டுவர ஒரு ஆள் தேவைப்பட்டுதே. அந்தப் பையன் கேட்டதைப் பக்கத்துல இருந்த அம்மா எனக்குச் சொன்னாங்க: "மார்ட்டினாவுக்கு இனிமே யாரு இருக்கா?"