தங்கை நாடகம் படிக்கிறாள்

மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்த கையோடு, "அண்ணே, நான் நாடகம்தான் படிப்பேன்" என்று தங்கை சொன்னாள். வீட்டில் அம்மாவின் பிறை தொழிற்சாலைச் சம்பளம் ஒன்றுதான் நிரந்தரம். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போய் விசாரித்தோம். கட்டணத் தாளை வாங்கிய அம்மா அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தவர்தான், பட்டர்வொர்த் வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை.

பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் மிண்டெனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே நாடகத்துக்கென்றே இளங்கலைப் படிப்பு இருப்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்தவர்கள், அரசின் கலைக் கல்விக்கூடமான அஸ்வாராவில் டிப்ளோமாவாகவே தொடங்கலாம். அரசு இடங்களில் கட்டணத்தின் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்பதால் தொகை எங்களுக்குக் கட்டுப்படியானது.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யுபியுவில் விண்ணப்பித்தாள். அப்புறம் நேர்முகம், அதுவும் மலாயில். அவள் பயந்ததே அதற்குத்தான். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கதையை மலாயில் தனிநடிப்பாக்கி, மூன்று வாரம் இரவு இரவாகச் சமையலறையில் பயிற்சி செய்தாள். நெற்றியில் விளக்கு கட்டுவதுபோல் கையை உயர்த்தி, கத்தி மரப்பட்டையில் இழுபடும் சத்தத்தை நாக்கிலேயே எழுப்புவாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடிவிட்டுக் கேட்பார்.

இடம் கிடைத்ததும் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன். அதற்கு எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு கட்டாயம். அதை முன்பே திறந்துவிடுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தொகை முடிவாகும், எனவே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். முதல் வகுப்பில் தேறுபவர்களுக்குக் கடன் விலக்கு உண்டு. அதற்கான நிபந்தனைகளை இப்போதே படித்துவிடுவது நல்லது. மஇகாவின் கல்வி அமைப்பான எம்ஐஇடியும் நம் இந்தியப் பிள்ளைகளுக்குக் கல்விக் கடன் தருகிறது, அங்கேயும் கேளுங்கள்.

வீட்டிலிருந்தே போய்வந்தால் பணம் மிச்சம் என்று நான் போட்ட கணக்குதான் தப்பு. ஒத்திகை நடுராத்திரிவரை போகும், அந்நேரத்துக்குப் பஸ் ஏது? பகுதிநேர வேலைக்கும் நேரம் இருக்காது. விடுதிச் செலவையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

இப்போது இரண்டாம் ஆண்டு. போன மாதம் வளாக அரங்கில் நான்கு நிமிடம் மேடையில் நின்றாள். அம்மா ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சீருடையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.