பிழை பொறுக்கும் தொடரியல்: நெகிழ்வா, வழுவமைதியா?

வணக்கம். முதலாண்டு நிரலாக்கப் பாடநூல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் பாக்கி. வரிக் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் ஜாவாஸ்கிரிப்ட் தானே இட்டுக்கொள்கிறது. தொடரியல் (சின்டாக்ஸ், நிரலை எழுதும் இலக்கணம்) இப்படிப் பிழை பொறுப்பதற்கு "நெகிழ்வுத் தொடரியல்" என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

---

நெகிழ்வு வேண்டாம் ஐயா, அது ஃப்ளெக்சிபிளுக்குப் போய்விட்டது. நம் இலக்கணத்திலேயே வழுவமைதி இருக்கிறது: காரணம் இருந்தால் வழுவையும் சரியென்று ஏற்பது. பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது திணைவழு, அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன பிழை. உவப்பினால் வந்ததால் நன்னூலார் அமைத்துக்கொள்கிறார். தரவைக் குறியிட்டு எழுதும் எக்ஸ்எம்எல்லோ வழாநிலை, பிழைக்கு இடமே தராது: ஒரு முடிவுக்குறி விட்டாலும் ஆவணம் முழுவதும் தள்ளுபடி. அமைதல் என்றால் பொருந்துதல், அடங்குதல். மூங்கிலுக்கும் அமை என்று பெயர், வளையும், ஒடியாது. வேர் அங்கேதான் என்பது என் துணிபு.

---

மூங்கில் இருக்கட்டும். வழுவமைதிக்குக் காரணம் வேண்டும்: உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு. ஜாவாஸ்கிரிப்ட் எந்தக் காரணத்தைக் கேட்கிறது? விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் கட்டளையை எழுதிவிட்டு மதிப்பை அடுத்த வரியில் வையுங்கள். ரிட்டர்னை ஒட்டியே அரைப்புள்ளி விழும், மதிப்புக்குப் பதில் அன்டிஃபைன்ட் (மதிப்பில்லை) திரும்பும், பிழைச்செய்தி வராது. அடுத்த வரி பிறை அடைப்பில் தொடங்கினாலோ அரைப்புள்ளி விழவே விழாது. மேல்வரியோடு ஒட்டிச் செயற்கூறு (ஃபங்ஷன்) அழைப்பாகிவிடும். இதற்குப் பெயர் ஊகம். "ஊகத் தொடரியல்" என்போம்.

கோ மொழியும் அரைப்புள்ளியைத் தானே இடுகிறது. ஆனால் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்து இடும். இஃப் வரிக்கான நெளிவடைப்பு அடுத்த வரிக்கு இறங்கினால் தொகுப்பி (கம்பைலர்) பிழை என்று அங்கேயே நிறுத்திவிடும். 2021இல் வந்த பைத்தான் 3.10, முக்காற்புள்ளி விட்டுப்போனால் அதைப் பெயர் சொல்லியே கேட்கிறது, தானாகப் போட்டுக்கொள்வதில்லை. மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

---

வகுப்பில் நிற்பவருக்கு ஊகம் குழப்பம் தரும். மதிப்பின் வகையை மொழியே கண்டுகொள்ளும் டைப் இன்ஃபரன்ஸை "வகை ஊகம்" என்று எழுதுகிறோமே! வழுவமைதி பத்தாம் வகுப்பில் படித்த சொல், விளங்கும்.

---

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். இலக்கணமே ஒப்புக்கொண்டது என்று மாணவர் நம்பிவிடுவார்.

---

நன்றி. மூவர் நெகிழ்வு, இருவர் வழுவமைதி, ஒருவர் ஊகம். நேரமில்லை, நெகிழ்வுத் தொடரியல் என்றே போகிறது, சொல்லடைவில் வழுவமைதியும் இருக்கும்.

---

சொல்லடைவு எப்படியும் போகட்டும். அந்த ரிட்டர்ன் எடுத்துக்காட்டின் கீழ் மட்டுமாவது நெகிழ்வு என்று அச்சிடாதீர்கள். அங்கே எதுவும் நெகிழவில்லை, விடை மாறியிருக்கிறது.